அரிஸ்தீத் என்ற கறை

பதினெட்டு மீட்டர் அகல நாடகப் படுதாவைத் தரையில் விரித்து, அதன் மேலேயே நடந்து, ஆள் உயரக் கம்பில் கட்டிய தூரிகையால் ஒரே மூச்சில் வானத்தை இழுத்து முடிக்கப் பாரிஸில் எத்தனை பேரால் முடியும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் முதலாவது ஒனோரின் லெ கொஃப். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. அவளே கூச்சப்பட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம் வரை இருநூற்றுப் பதினான்கு படுதாக்கள் அவள் கையால் எழுந்து நின்றிருக்கின்றன. படித்தவர்கள் வரைந்து தருவார்கள். ஒன்றரைச் சாண் தாளில் யார் வேண்டுமானாலும் புயல் வரையலாம். அதே புயலை மேடை அளவுக்கு வீச வைக்க வேறு ஆள் வேண்டும்.

பிரெஸ்ட் துறைமுகத்தில் பாய்மரத் துணி தைக்கிறவனுக்குப் பிறந்தவள். பள்ளிக்கூடம் மூன்று வருடம். பதினான்கு வயதில் ஒரு துணி மூட்டையோடு பாரிஸுக்கு ரயிலேறி, மோந்த்ரேயில் இருந்த படுதாக் கூடத்தில் தரை பெருக்கச் சேர்ந்தாள். அப்புறம் வண்ணத்தில் கலக்கும் வஜ்ஜிரப் பசை காய்ச்சினாள். முயல் தோலை ஊறவைத்துக் காய்ச்சும் அந்த வஜ்ஜிர நாற்றம் தலைமயிரில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்து பெஞ்சு காலியாகிவிடும். பத்தொன்பது வயதில் படுதா அறுக்கும் கத்தி வலது கட்டைவிரலை எலும்பு வரை பார்த்துவிட்டது. கந்தலைச் சுற்றிக்கொண்டு அன்று மாலை வரை வேலை செய்தாள். விரல் சதையில் குறுக்கே ஒரு சாய்ந்த தழும்பு நின்றுபோனது. முப்பத்தேழாவது வயதில் அவளையே மேஸ்திரியாக்கினார்கள். அதுவரை அந்தக் கூடத்தில் பெண் மேஸ்திரி கிடையாது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்கு வேறு மேஸ்திரியும் தேவைப்படவில்லை.

அவள் கூடத்தில் சட்டம் ஒன்றே ஒன்று. ஓவியர் தரும் மாதிரித் தாளின் மேல் விரல் படக் கூடாது. தாள் வந்தவுடன் அதன் மேல் கண்ணாடி வைக்க வேண்டும். கண்ணாடியில் மையால் கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்துத் தரையில் விரித்த துணியில் கரியால் பெரிய கட்டம் போட வேண்டும். சின்னக் கட்டத்தில் இருப்பது பெரிய கட்டத்துக்குப் போகும். ஒரு மயிரிழை இருந்தால் மயிரிழையும் போகும். இல்லாத எதுவும் போகாது.

தாளில் யாராவது விரல் பதித்துவிட்டால் அந்தக் கறைக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. "அரிஸ்தீத்."

"ஐயோ, ஒரு அரிஸ்தீத் விழுந்துடுச்சு." "கைய கழுவுடா, அரிஸ்தீத் போடப்போற." இப்படித்தான் பேசுவார்கள். புதிதாக வந்தவர்கள் அது ஏதோ தொழில் வார்த்தை என்று நினைத்துக்கொள்வார்கள். மற்றக் கூடங்களுக்கும் அந்த வார்த்தை பரவியிருந்தது.

அரிஸ்தீத் ஒரு ஆள். ஒனோரினோடு சேர்ந்து வஜ்ஜிரம் காய்ச்சியவன், வலது காலை லேசாக இழுத்து நடப்பவன், அவள் வயசுதான். முப்பத்தேழில் அவள் மேஸ்திரியாகி மூன்றாம் வாரம், ஒரு பெரிய ஓவியரின் மாதிரித் தாளில் வெளிர்நீல வானத்தின் நடுவே கரியாக ஒரு விரல் பதிந்திருந்தது. ஓவியர் குதித்தார். புதுப் பெண் மேஸ்திரி என்ன செய்யப்போகிறாள் என்று கூடமே கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. அன்று காலை கறுப்பு வண்ணத்துக்கு விளக்குக்கரி அரைத்தவன் அரிஸ்தீத். ஒனோரினுக்கு அதற்கு மேல் விசாரிக்க நேரமில்லை.

"கெளம்பு" என்றாள்.

"ஒனோரின், அது என் கை இல்ல. நான் கழுவிட்டுத்தான் வந்தேன். பாரு." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான்.

"இப்ப கழுவியிருக்க. அப்ப?"

"அப்பவும்தான். உனக்கு என்னைத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் வாசலைக் காட்டுறேன். தெரியாதவனா இருந்தா போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவள் மேஸ்திரி ஆனாள். படுதா மேல் நடக்கப் போடும் கம்பளிச் செருப்பை ஆணியிலேயே விட்டுவிட்டு அவன் போனான். அவள் அதை எடுக்க விடவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு எந்தக் கூடமும் அவனைச் சேர்க்கவில்லை. குதிரைக்கறிக் கடைகளின் பலகையில் பொன்நிறக் குதிரைத் தலை எழுதிப் பிழைத்தான். சண்டைக் காலத்தில் ஒருமுறை மெட்ரோ படிக்கட்டில் அவளை எதிரே பார்த்தவன், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு இறங்கிப் போனான். நாற்பத்திரண்டாம் வருடக் குளிரில் நெஞ்சுச் சளி கட்டிச் செத்தான் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். செருப்பு ஆணியிலேயே இருந்தது.

ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் வார்கோனி வந்தார். ஹங்கேரிக்காரர், முப்பது வருடமாகப் பாரிஸில் இருப்பவர். உருவம் இல்லாமல் வரைகிறவர். மரம் கிடையாது, வீடு கிடையாது, ஆள் கிடையாது. பழுப்பு, சாம்பல், நடுவில் வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கும். மதாம் துவால் என்ற நடன ஆசிரியை புதிதாக அமைத்த பாலேவுக்கு ஒரே ஒரு படுதா கேட்டிருந்தாள். அதற்கான தாளை அவரே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன மனிதர் பத்து மணிக்கே வாசலில் நின்றார். ஒனோரின் அப்போதுதான் கரி அரைத்து முடித்திருந்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி மேசையில் வைத்தாள். கண்ணாடியை மேலே இறக்கினாள்.

வார்கோனி குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கை குடுங்க மதாம்" என்றார்.

அவள் கொடுத்தாள். அவர் குலுக்கவில்லை. சந்தையில் மீனைத் திருப்பிப் பார்ப்பதுபோல் அவள் கையைத் திருப்பி, கட்டைவிரலைப் பார்த்தார். சிரித்தார்.

"நல்ல கை."

"நாப்பத்தி நாலு வருசம் உழைச்ச கை, ஐயா. அழகு பாக்க வேற எடத்துக்குப் போகணும்."

"அழகுன்னு சொல்லல, நல்ல கைன்னு சொன்னேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இதுல இருக்கிற எதையும் திருத்தாதீங்க. எதையும்."

ஒனோரினுக்குச் சுருக்கென்றது. "என் கூடத்துல யாரும் எதையும் திருத்தறது கெடையாது. நீங்க தும்மியிருந்தாலும் அது அப்படியே பதினெட்டு மீட்டருக்குப் போகும்."

"அதைத்தான் நம்பறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள், தன் ஆறாவது மாடிப் படிக்கட்டில் நான்காவது மாடி வரைக்கும் ஏறி, உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

படுதா வேலை தொடங்கியது. ஒனோரினுக்கு அடுத்த கை சோலாஞ்ஜ். முப்பது வயசுக்காரி, வாய்க்கு அணை இல்லாதவள். கண்ணாடிக்கு மேல் கவிழ்ந்து கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மேஸ்திரியம்மா, இங்க, வெள்ளைப் பட்டைக்கு இடப்பக்கம். கரியா இது என்ன? அரிஸ்தீத் மாதிரி இல்ல?"

ஒனோரின் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடி மேசை இழுப்பறையில் இருந்தது. அது அங்கேதான் எப்போதும் இருக்கும். கண்ணாடி போட்ட மேஸ்திரியை எவன் மதிப்பான்?

"அது அவர் போட்ட கோடு."

"ரேகை மாதிரி இருக்கே."

"இருவத்தோரு வருசமா இந்தக் கூடத்துல அரிஸ்தீத் விழுந்ததில்ல. இப்ப மட்டும் எங்கேருந்து வரும், கூரையைப் பிச்சிக்கிட்டா? செத்த மனுசன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, எதையும் திருத்தாதேன்னு. போடு."

"ஒவ்வொரு இழையுமா?"

"இழை இழையா போடு."

அந்த இழைகளை ஒனோரினே போட்டாள். தாளில் கட்டைவிரல் அளவு இருந்தது துணியில் ஆள் உயரம் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து போகும் கோடுகள், இடையில் எதுவும் படாத சாய்ந்த வெள்ளைக் கீற்று ஒன்று. கம்பின் நுனியில் மெல்லிய தூரிகையைக் கட்டிக்கொண்டு, கம்பளிச் செருப்போடு அந்தக் கோடுகளின் மேலேயே நின்று போட்டாள். காலடியில் இருக்கும்போது எதுவும் தெரியாது. மலையில் நிற்கிறவனுக்கு மலையா தெரியும்? கல்தான் தெரியும். அப்படி ஒரு கரிய ஓடை அவள் செருப்பைச் சுற்றிச் சுழன்று போனது. இரண்டு நாள் வேலை. முடித்தபோது இந்த மாதிரி இழையைப் பிரான்ஸ் முழுக்கத் தேடினாலும் வேறு ஒருத்தி போட முடியாது என்று அவளே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட.

ஈரம் காயும் முன்பே மதாம் துவால் பார்க்க வந்தாள். கூடத்தின் ஓரமாக உயரத்தில் ஒரு மரப்பாலம் இருக்கும். அதில் ஏறி நின்றால்தான் தரையில் கிடக்கும் படுதா முழுசாகத் தெரியும். துவால் அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒனோரின், அங்கே ஒருத்தர் நிக்கறாரே."

"எங்க மதாம்?"

"வெள்ளைக்குப் பக்கத்துல. நிக்கறார், இல்லாட்டி அது ஒரு வாசல். எனக்குச் சொல்லத் தெரியல. கடைசி நடனம் வராம ஒரு மாசமா தவிச்சிட்டிருக்கேன். இப்ப வந்துடுச்சு. கடைசியா ஆடற லீஸ் அதுக்குள்ளேருந்துதான் வரப்போறா. அதுக்குள்ளேயேதான் போகவும் போறா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரேதான் அது. தன்னைக் கொண்டாந்து நிறுத்திட்டுத்தான் போயிருக்கார்."

அவள் போன பிறகு ஒனோரின் தனியாகப் பாலத்தில் ஏறினாள். ஒவ்வொரு படுதாவையும் கடைசியாக அவள் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. கைக்குள் அடங்கும் நாடகப் பைனாகுலரைத் தலைகீழாக, பெரிய பக்கத்தைக் கண்ணில் வைத்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் பெரியது சிறியதாகி வெகுதூரம் தள்ளிப்போகும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

தெரிந்தது. சின்னதாக, தெளிவாக, ஒரு கட்டைவிரல். அதன் குறுக்கே சாய்ந்த தழும்பு.

அவள் பைனாகுலரை இறக்கவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டே வலது கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தாள். தன் விரலில் தழும்பு வலது பக்கம் சாய்ந்திருந்தது. படுதாவில் இடது பக்கம். அப்பாடா என்று மூச்சு விட்டாள். நான் இல்லை. வேறு யாரோ.

இறங்கி வந்து, மேசைக் கரியில் விரலைத் தொட்டு, ஒரு வெற்றுக் காகிதத்தில் அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். காகிதத்தில் தழும்பு இடது பக்கம் சாய்ந்திருந்தது. பதிவது திரும்பித்தான் பதியும். பாதி வாழ்க்கை அச்சுப் பலகையில் இலைகளும் பூக்களும் பதித்தவளுக்கு அது தெரியாமல் போனதே.

இருநூற்றுப் பதினைந்தாவது படுதாவில் ஒரு அரிஸ்தீத். ஆள் உயரத்துக்கு. அவள் கையாலேயே இழை இழையாக.

அப்போது அவள் கண் ஆணியில் தொங்கிய செருப்புக்குப் போனது.

ஓவியர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன தாள்களை மேசைக்கு அடியிலிருந்த அகல இழுப்பறையில் போட்டு வைப்பது வழக்கம். முப்பத்தேழாம் வருடத்துத் தாளும் அங்கேதான் இருந்தது. கறை பட்டதை அந்த ஓவியர் தொடக்கூட மறுத்து, வேறு வரைந்து கொடுத்திருந்தார். ஒனோரின் இழுப்பறையைத் திறக்காமல் வீட்டுக்குப் போனாள். மறுநாளும் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும். பருப்பும் சாசேஜும் சூடுபண்ணிச் சாப்பிடுகிற நேரத்தில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவளுக்கு மட்டும் இழுப்பறைக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. முகத்தைக் காட்டியும் உட்கார முடியவில்லை.

"மேஸ்திரியம்மாவுக்கு என்னாச்சு, ரொட்டியைக்கூடத் தொடல" என்றாள் சோலாஞ்ஜ்.

"தொடறதுக்கு முன்னாடி கை கழுவணும்" என்றாள் ஒனோரின். எழுந்து போய்க் கழுவினாள். அன்று அது ஐந்தாவது முறை.

சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, நல்ல வெயில் கூரைக்கண்ணாடி வழியாக விழுந்துகொண்டிருந்த மத்தியானத்தில், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுப்பறையை இழுத்தாள். வெளிர்நீல வானம். நடுவில் கரிய விரல். பக்கத்தில் தன் விரல் பதித்த காகிதத்தை வைத்தாள். இடது பக்கம் சாய்ந்த வெள்ளைக் கீற்று இரண்டிலும் இருந்தது.

அன்று காலை கரி அரைத்தது அரிஸ்தீத். அரைத்த கரியின் நைசைப் பார்க்க விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தது யார்? புது மேஸ்திரி. எல்லாவற்றையும் தானே தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. இருபத்தோரு வருடம் கழித்து அது கையிலே நினைவுக்கு வந்தது. விரல்களுக்கிடையே அந்த மாவு உருண்டது.

செருப்பை ஆணியிலிருந்து எடுக்கப் போனாள். கை போகவில்லை. கழுவியிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

படுதா நாடக அரங்குக்குப் போனது. மேடை ஆட்களின் தலைவன் ஃபெர்னான் அதை மேலே ஏற்றிக் கட்டினான். உத்தரம் போன்ற தோள்கள், கப்பல் வேலையிலிருந்து வந்தவன். அரங்குக்குள் ஒரு வார்த்தை உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள். படுதாவைத் தூக்கிக் கட்ட மேலே நூறு தொங்கினாலும் அதை 'நூல்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இன்னொரு வார்த்தையை எவன் வாயால் சொல்கிறானோ அவன் மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும், அப்போதுதான் கெட்டது விலகும். ஒனோரினுக்கு இது பால் குடித்த நாளிலிருந்தே தெரியும். அப்பன் பாய்மரக்காரன், கப்பலிலும் அந்த வார்த்தை ஆகாது.

முழு ஒத்திகை மத்தியானம் இரண்டு மணிக்கு. லீஸ் உடம்பை வளைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். துவால் முதல் வரிசையில் இருந்தாள். மேடையின் பின்புறத்தில் அந்த ஆள் உயரக் கறை நின்றது. ஒனோரின் நேராக மேடை நடுவுக்கு நடந்தாள். நாற்பத்து நான்கு வருடத்தில் ஒத்திகையின்போது அவள் மேடையில் கால் வைத்ததே இல்லை.

"மதாம், இதை நிறுத்துங்க. அது அவர் போட்டது இல்ல."

"எது?"

"அந்த வாசல். அது என் விரல். நான்தான் தாளில் பதிச்சேன், நான்தான் பெரிசாக்கினேன். ரெண்டு மணி நேரம் குடுங்க, அழிச்சுத் தரேன். ஏய் ஃபெர்னான், என்ன பாத்துக்கிட்டு நிக்கற, அந்தக் கயித்தை அவுத்து எறக்கு!"

அரங்கம் வெடித்தது.

"யாரு சொன்னது! யாரு சொன்னது!"

"ஒனோரின்! அட கடவுளே, ஒனோரினா?"

"நாப்பது வருசமா ஒருதரம்கூடச் சொல்லாத ஆளு!"

ஃபெர்னான் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "மூணு நாள்ல முதல் ஆட்டம், இப்பத்தான் வந்து அதைச் சொல்லணுமா நீ? வா, முதல்ல வா, எதிர்ல கடையில எல்லாருக்கும் ஊத்திட்டு வந்து பேசு!"

"ஃபெர்னான், நான் சொல்றதக் கேளு, அது என் விரலு..."

"விரலோ காலோ, முதல்ல ஊத்தணும்!"

இருபது பேர் அவளைத் தள்ளிக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போனார்கள். எல்லாருக்கும் சிவப்பு ஒயின். "ஒனோரினுக்காக!" என்று கத்தினார்கள். சிரித்தார்கள், தோளைத் தட்டினார்கள். ஒனோரின் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். கண்ணாடிக் கோப்பையில் அவள் கட்டைவிரல் பதிந்தது. அவள் அதை ஏப்ரன் நுனியால் துடைத்தாள். மறுபடி பதிந்தது. மறுபடி துடைத்தாள்.

துவால் மட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் கேட்டேன், ஒனோரின். அவங்க கேக்கல, நான் கேட்டேன்."

"அப்ப அழிக்க விடுங்க மதாம்."

"அவர் சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி, உங்க கூடத்துலேருந்து வந்த அன்னைக்கு எனக்கு போன் பண்ணார். சிரிச்சிட்டே சொன்னார். 'வஜ்ஜிர வாசனை அடிக்கிற அந்த அம்மா என் சுவத்துல ஒரு வாசல் வச்சுட்டாங்க. நாப்பது வருசமா வாசல் இல்லாம வரைஞ்சிட்டிருந்தேன். யாரும் அதைச் சாத்திடாம பாத்துக்கோ'ன்னார். எனக்கு அப்ப புரியல. இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

ஒனோரின் கோப்பையை மேசையில் வைத்தாள். துவால் இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். ஒனோரினோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை குடுங்க மதாம் என்று கேட்டு, விரலைத் திருப்பிப் பார்த்து, சிரித்துவிட்டு அந்த மனுஷன் போய்விட்டார். அதே கறைதான். அதற்கு அன்று அரிஸ்தீத்துக்கு அவள் வாசலைக் காட்டினாள்.

"என்ன ஒனோரின்? சந்தோஷமா இல்லையா?"

"வாசல்னா யாராவது வருவாங்கல்ல மதாம்" என்றாள்.

முதல் ஆட்டம் பார்க்க அவள் பக்கவாட்டில், மேடைத் திரை ஓரமாக நின்றாள். அவளுடைய வழக்கமான இடம் அது. அங்கிருந்து எதுவும் முழுசாகத் தெரியாது. அன்று அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. கடைசி நடனம் வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கறைக்கு மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. லீஸ் அதற்குள்ளிருந்து வருவதுபோல் வந்தாள். சாம்பல் உடை. ஆடவேயில்லை, நடந்தாள். முன்னால் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

அதை யாரும் துவாலுக்குச் சொல்லித் தரவில்லை. மெட்ரோ படிக்கட்டுப் பற்றி அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒனோரின் உயிரோடிருந்த ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை.

கைகள் அப்படியே நின்றன. ஒனோரின் பார்த்தபோது அங்கே சாம்பல் உடை இல்லை. தொளதொள நீலச் சட்டை, காதுவரை இறங்கிய தொப்பி. வலது காலை லேசாக இழுத்து நடக்கும் அந்த நடை. பாரு, கழுவிட்டேன். அவன் திரும்பினான். ஆள் உயரக் கோடுகளுக்குள், அவளே இழை இழையாகப் போட்டுவைத்த கோடுகளுக்குள், சாய்ந்த வெள்ளைத் தழும்பு வழியாகப் போனான். காலில் ஒன்றுமில்லை. அவன் செருப்பு மோந்த்ரேயில் ஆணியில் தொங்குகிறதே.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஃபெர்னான் ஓடிவந்து, "பாத்தியா, ஊத்தினதாலதான் எல்லாம் நல்லபடி நடந்துச்சு" என்றான்.

மறுநாள் காலை ஒனோரின் கூடத்துக்கு வந்து, வேலை தொடங்கும் முன் எல்லோரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். எட்டுப் பேர். மேசையில் இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்தாள். நடுவில் தன் விரல் பதித்த காகிதம். எதையும் விடாமல் சொன்னாள். அவளுக்குச் சொல்லத் தெரிந்த அத்தனையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது.

"அதனால இனிமே இந்தக் கூடத்துல அரிஸ்தீத்னு சொல்லக் கூடாது. கறை விழுந்தா, ஒனோரின் விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலாஞ்ஜ்தான் முதலில் சிரித்தாள். அன்று காலைப் பேப்பரில் பத்திரிகைக்காரர்கள் அந்த வாசலைப் பற்றி எழுதியிருந்தார்கள், அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்கள் எல்லோரும்.

"மேஸ்திரியம்மா, அதுக்கும் உங்க பேரே வேணுமா? இருநூத்திப் பதினஞ்சு படுதா போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பில் வஜ்ஜிரம் பொங்கியது. யாரோ ஓடிப்போய் இறக்கினார்கள். வேலை தொடங்கிவிட்டது.

வார்த்தை மாறவில்லை. அவள் கடிந்து பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். அவள் எதிரில் இருக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், திரும்பியவுடன் அரிஸ்தீத்தான். லியோனிலிருந்து வந்த ஒரு வேலைக்காரன் அவளிடமே விளக்கினான், அது பழைய காலத்து வார்த்தை மதாம், எங்க ஊரிலும் அப்படித்தான் சொல்வோம் என்று.

பிறகு அவள் கடிவதை விட்டுவிட்டாள். அறுபத்தாறு வயதில் வேலையிலிருந்து நிற்கும் வரை வேறொரு வழக்கம் வைத்துக்கொண்டாள். கூடத்தின் எந்த மூலையிலிருந்தாவது, "யாரு இங்க அரிஸ்தீத் போட்டது?" என்று குரல் வந்தால், அவள் எங்கே நின்றாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், கம்பைக் கீழே சாய்த்துவிட்டு நிமிர்ந்து நிற்பாள்.

"நான்தான்" என்பாள்.

கிழவிக்குக் காது கேட்கவில்லை என்று சிரிப்பார்கள். அவள் போய்க் கை கழுவிவிட்டு வருவாள். கழுவிய இரண்டு கைகளையும், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, ஆணியில் தொங்கும் செருப்புக்கு முன்னால் விரித்துக் காட்டுவாள்.